ஆர்டெல் ட்வெட்டின் மூன்று நகல்கள்

ஆர்டெல் ட்வெட்டுக்கு எழுபத்து மூன்று வயது. தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதினார். ஓய்வு பெற்ற மறுநாளே ஊருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். தெருவில் பார்த்து நலமா என்று கேட்டால் போதும், "கம்ப்யூட்டர்ல இருக்கிறதையெல்லாம் நகல் எடுத்து வச்சிருக்கியா?" என்பார். இல்லை என்று உண்மை சொன்னவர்கள் அரை மணி நேரம் நின்றபடியே பாடம் கேட்டார்கள். இருக்கிறது என்று பொய் சொன்னவர்கள் முக்கால் மணி நேரம் கேட்டார்கள், ஏனென்றால் எங்கே வைத்திருக்கிறாய், எத்தனை வைத்திருக்கிறாய் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் தயாராக இருக்கும்.

எங்கள் ஊர் சோல்பெர்க், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதைவிட அதிகம். அந்தத் தோட்டத்துக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு ஆர்டெல் பொருளாளர், நான் செயலாளர். செயலாளரின் வேலை காபி போடுவதும், பொருளாளர் பேசி முடிக்கும்வரை தூங்காமல் இருப்பதும்தான். பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன், ஒருவர்கூட இதுவரை என் பொறுமையைப் பாராட்டியதில்லை.

2004-இல் சங்கத்தின் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது ஆர்டெல்தான். யார் எந்த இடத்தை வாங்கினார், எப்போது, எவ்வளவு கட்டினார் என்பதெல்லாம் அதுவரை ஒரு தடித்த தோல் அட்டைப் பேரேட்டில் இருந்தது. தோட்டத்தின் வரைபடமும் அதற்குள்தான் மடித்து வைத்திருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவ்வளவையும் தட்டிச் சேர்த்தார், அதில் ஒரு பிழை கிடையாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வசந்தம் வந்ததும் பேரேட்டைத் தன் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார்.

"காகிதம் எரியும்னு சொன்னேன்ல, பாத்தீங்களா?" என்று சங்கத்தார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எரிக்கலாம் என்ற தீர்மானத்தை வழிமொழிந்தது நான்தான். அன்றைக்குக் கூட்டம் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் வாங்கிய கணக்கு மென்பொருள் கடைக்காரர்களுக்காகச் செய்தது. அதில் கல்லறைக்கு இடமில்லை. ஆகவே இடம் வாங்கியவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். செத்த பிறகும் வாடிக்கையாளர்கள்தான். ஒருநாள் அந்த மென்பொருள், அறுபத்திரண்டு வாடிக்கையாளர்கள் நெடுநாளாக எதுவும் வாங்கவில்லை, நினைவூட்டல் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று இவரும் சரி என்று அழுத்திவிட்டார். "உங்களைக் காணாமல் தவிக்கிறோம், விரைவில் மீண்டும் வாருங்கள்" என்று இறந்துபோன அறுபத்திரண்டு பேருக்குக் கடிதம் போயிற்று. நான்கு குடும்பங்கள் நன்றி தெரிவித்துப் பதில் எழுதின. எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரையும் சங்கடப்படுத்த வராது, தலையே போனாலும் வராது.

மார்ச் மாதம் நூலகத்தில் வகுப்பு எடுப்பார். "மூணு நகல் வேணும். ரெண்டு வேற வேற இடத்துல. ஒண்ணு வீட்டுக்கு வெளியில." இதுதான் பாடம். ஆறு பேர் வருவார்கள், ஆறு பேரும் காபிக்காக. கடைசியில் அவர் தன் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்குத் தான் நகல் எடுத்துப் பூட்டுவதைச் சொல்லுவார். நாங்கள் கை தட்டுவோம்.

டுவேன் ரஸ்டாட் அவருடைய மீன்பிடிக் கூட்டாளி. ஒரே படகில் நாற்பது வருடம் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். டுவேன் போன டிசம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். இங்கே டிசம்பரில் மண்ணைத் தோண்ட முடியாது. குளிர்காலத்தில் போனவர்கள் தோட்டத்து ஓரத்துக் கல் அறையில் மே மாதம்வரை காத்திருப்பார்கள். பனி இளகியதும், மே இரண்டாவது சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. டுவேனின் மனைவி லவான் என் தோழி. ஐந்து மாதமாகத் தோட்டத்துச் சாலைப் பக்கம் காரைத் திருப்பாமல் சுற்றுவழியில் கடைக்குப் போய் வந்தாள். "மண்ணுக்குள்ள போயிட்டார்னா எனக்குத் தூக்கம் வரும், கோரின்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். டுவேன் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வாங்கிவைத்திருந்தார். எங்கே என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை, குழி தோண்டுகிறவர் எந்த வரிசை, எந்த எண் என்று கேட்டார். அதை எழுதிய சீட்டு வாங்கிவர நான் ஆர்டெல் வீட்டு நிலவறைக்குப் போனேன். அவர் கணக்கைத் திறந்தார். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்தது, கீழே ஒரு நீளமான எண்.

"பதறாதே கோரின்," என்றார், நான் பதறவேயில்லை. ஒரு நீல நோட்டைப் புரட்டினார். வந்த பிழைகளையெல்லாம் தேதியோடு எழுதிவைத்த நோட்டு. "இவன் நம்ம பழைய சிநேகிதன். 2009ல ஒரு தடவை வந்துட்டுப் போனான்."

கம்ப்யூட்டரை அணைத்து, வாய்விட்டு முப்பதுவரை எண்ணி, மறுபடி போட்டார். அதே பெட்டி. கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தார், வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்த்தார். 2011-இல் வந்த பிழைக்குப் பிரிண்டர்தான் காரணமாக இருந்தது என்று இப்போதும் அதைக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் சரிசெய்யும் கருவியை ஓட்டினார். சரிசெய்யும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும் என்று அது எச்சரித்தது.

"எனக்கே பாடமா?" என்று எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு அழுத்தினார்.

முப்பத்தொரு சதவீதத்தில் வேலை நின்றது. கம்ப்யூட்டருக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம். திரை நீலமாகி, பிறகு கறுத்துப்போயிற்று. மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்க வெர்ஷனை நாங்க நிறுத்தி எட்டு வருஷமாச்சு."

"நான் நிறுத்தலையேம்மா!"

"இப்ப எல்லாம் மாசச் சந்தாதான் சார்."

"மாசாமாசம் வாடகை குடுத்து யாராவது பென்சில் வச்சுக்குவாங்களா?" என்று கத்திவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டு, அவள் ஊரில் வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

"சரி, நகலை வெளிய எடுங்க," என்றேன். "மூணு இருக்கே."

"மூணு," என்றார் நிமிர்ந்து.

"முதல் நகல் எங்க?"

"இதே கம்ப்யூட்டர்ல. வேற ஃபோல்டர்ல."

இருவரும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தோம். டிக், டிக்.

இரும்புப் பெட்டியைத் திறந்து பென் டிரைவை எடுத்து என் மடிக்கணினியில் செருகினார். உள்ளே ஒரே ஒரு சின்னம். அழுத்தினால், இது காட்டுகிற கோப்பு இங்கே இல்லை என்றது. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. திரையில் நாம் அழுத்துகிற சின்னம் வெறும் கதவு. கணக்கு இருப்பது வேறெங்கோ உள்ளே. இந்த மனிதர் பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் கதவை மட்டும் கழற்றி எடுத்துத் தீப்பிடிக்காத பெட்டியில் பூட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அறுநூத்துச் சொச்சம் வெள்ளிக்கிழமை, கோரின்," என்றார் மெதுவாக.

மிச்சமிருந்தது மூன்றாவது. நல்லவேளை, அதை எடுத்தது அவர் இல்லை. போன நவம்பரில் விருந்துக்கு வந்த மகள் ரெனே ஒரு பென் டிரைவில் முறையாக எடுத்து, வெளியே யார் வீட்டிலாவது வையுங்கள் என்று தந்துவிட்டுப் போனாள். அவர் அதை டுவேனிடம் கொடுத்திருந்தார். இப்போது லவானிடம் இருக்கவேண்டும். போன் போட்டார்.

"லவான், ஆர்டெல் பேசறேன். டுவேன்கிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்திருந்தேன்… ஆமா, வெள்ளை டேப் ஒட்டி என் பேர் எழுதினது. அதான், அதான். அது கொஞ்சம் வேணும்."

நான் அவர் கையைக் கிள்ளினேன். இன்றைக்கே வேண்டும் என்று சொல்லுங்கள் என்று வாயசைத்தேன்.

"சேச்சே, அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல லவான். எப்ப முடியுதோ அப்ப."

அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "நாளைக்குக் கொண்டாரேன் ஆர்டெல். இப்படியே எப்படித் தர்றது?"

அந்த வார்த்தைக்கு அப்போதே என் மண்டையில் மணி அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை.

மறுநாள் காலை லவான் வந்தாள். ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள். சுத்தமான காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, பென் டிரைவ். ஆர்டெல் என் மடிக்கணினியில் அதைச் செருகினார். ஒவ்வொன்றாகப் படங்கள் விரிந்தன. லவானின் ருபார்ப் செடிப் பாத்தி. லவான் தைத்த போர்வைகள், முன்பக்கமும் பின்பக்கமும். டுவேன் படகில், டுவேன் மீனோடு, டுவேன் இன்னொரு மீனோடு.

"கணக்கு… இதுல ஏதோ கோப்பு இருந்திருக்குமே?" என்றார் ஆர்டெல்.

"ஏதோ பழசு அடியில ஒட்டிக்கிட்டிருந்தது. திறந்தாத் திறக்கல. படம் போட இடமும் பத்தல. அதான் சுத்தமாத் துடைச்சிட்டேன்," என்றாள் லவான் சந்தோஷமாக. "அப்புறம் சும்மா எப்படித் தர்றதுன்னு நிரப்பிட்டேன். டுவேன் பெரிய மீன் பிடிச்ச வீடியோவும் இருக்கு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டுவேன் போனபோது ஊரார் அவள் வீட்டுக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப், டேப்பில் பெயர். பாத்திரத்தைக் கழுவாமலோ காலியாகவோ திருப்பித் தருகிறவளை இந்த ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். அவள் குளிர்காலம் முழுக்க ஒவ்வொன்றாகக் கழுவி, எதையாவது சமைத்து உள்ளே வைத்து, வீடு வீடாகத் திருப்பித் தந்திருக்கிறாள். கடைசியாக மிஞ்சியது, டேப்பில் பெயர் எழுதிய இந்தக் குட்டிப் பாத்திரம்.

"ரொம்ப நன்றி லவான். இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்றார் ஆர்டெல். ஒரு கேக் துண்டை எடுத்துக் கடித்து நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் பதிந்திருக்கிற தட்டு கீறிப்போயிற்று, இது முடிந்த கதை என்றார். பென் டிரைவைப் பார்த்துவிட்டு, "துடைச்சதோட விட்டிருந்தா மீட்டுக் குடுத்திருப்பேன். மேல தளும்பத் தளும்ப நிரப்பிட்டாங்களே," என்றார்.

காரில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் பொங்கியது. "நேத்து அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இருங்க, நான் போய் லவான்கிட்ட…"

"சொல்லாதே." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "டுவேனோட இடத்தைத் தன் கையாலயே அழிச்சிட்டோம்னு தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாங்க. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், சொல்லாதே."

நான் சொல்லவில்லை. கணக்கு கெட்டுப்போயிற்று என்று மட்டும் ஊருக்குச் சொன்னோம். ஏதோ ஒரு காலி இடத்தில் டுவேனை வைத்துவிட முடியாது. காலியாகத் தெரிகிற இடங்களில் பாதிக்குமேல் விற்றவை. தவறான இடத்தில் வைத்தால் மறுபடி எடுக்கவேண்டிவரும். லவான் ரசீதைத் தேடி இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். எதுவும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இடம் வாங்கிய எல்லாரும் தோட்டத்துக்கு வாருங்கள் என்று போன் போட்டேன். முப்பது பேர் மடக்கு நாற்காலிகளோடும் காபிப் பாத்திரத்தோடும் வந்தார்கள். ரசீது கொண்டுவந்தவர்கள் எட்டுப் பேர். மற்றவர்களிடம் உங்கள் இடம் எது என்று கேட்டால், "எங்கன்னாலும் பரவால்ல", "மத்தவங்க எடுத்துக்கிட்டது போக மிச்சம் குடுங்க", "எனக்கு ஓரமா இருந்தாப் போதும்". பந்தியில் கடைசித் துண்டு கேக்கை எவரும் தொடமாட்டார்கள்; அந்தப் புத்தியோடுதான் கல்லறைக்கும் வந்திருந்தார்கள். லவான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழி தோண்டுகிறவர் இயந்திரத்தின்மேல் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆர்டெல் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நகல் எடுங்க, நகல் எடுங்கன்னு உங்க உயிரை வாங்கினேன். நான் பன்னிரண்டு வருஷமா எடுத்து வச்சது ஒரு சின்னத்தை மட்டும்தான். கணக்கு போச்சு. தப்பு என்னுது, முழுக்க என்னுது."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அப்புறம் அவரோடு சங்கம் நடத்த முடியாது.

பிறகு வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் நின்றார், காலால் புல்லைத் தட்டினார்.

"இது ஹெல்கெசன். ஏழும் எட்டும்."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"செக் திரும்பி வந்தது. ரெண்டு தடவை."

ஹெல்கெசன் காதுவரை சிவந்தார். எங்கள் ஊரில் இப்படி ஒரு வார்த்தையை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சரிதான்," என்று காபிக்குள் பார்த்துச் சொன்னார். ஆர்டெல் நகர்ந்தார். "பன்னிரண்டு, இது ஒரு வருஷம் இழுத்தது… இதுக்கு நாலு கடிதம் போட்டேன்… இவங்க பாதியை உருளைக்கிழங்கா குடுத்தாங்க." ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்தில் இருந்த ஃபிலிஸ் அம்மாள் பொறுக்கமுடியாமல், "நான் முதல் நாளே கட்டினேனே ஆர்டெல், என்னைச் சொல்லுங்க!" என்றார்.

"அதாம்மா பிரச்சினை. ஒழுங்காக் கட்டினவங்க ஒருத்தர்கூட ஞாபகத்துல இல்ல. உங்களையெல்லாம் நினைக்கவேண்டிய அவசியமே எனக்கு வரல. ரசீது இருந்தாக் கொண்டாங்க."

மனிதருக்குத் தொந்தரவு கொடுத்தவர்கள் மட்டும் தலைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் முதல் முறையாக ஒரு பரபரப்பு. தாமதமாகக் கட்டியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாணயக்காரர்கள் முகம் வாடிப்போயிற்று.

லவானின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "எங்க டுவேன் யாருக்கும் பாக்கி வச்சதில்ல," என்றாள். "ஒரே நாள்ல, ரொக்கமா கட்டினேன்னு என்கிட்டச் சொன்னார்." பெருமையாகத் தொடங்கிய வாக்கியம், முடியும்போது அழுகையாகிவிட்டது. "அப்ப அவரையும் ஞாபகமிருக்காது, இல்லையா ஆர்டெல்?"

ஆர்டெல் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். கல் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அவன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் லவான், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு," என்றார். "மன்னிச்சிருங்க. இங்க வந்து நடந்தப்பதான் இடமே ஞாபகம் வந்தது. வரிசை ஒன்பது. நாலும் அஞ்சும். அந்தக் கம்பிவேலி தாண்டி ஏரி தெரியும் பாருங்க, அந்த இடம். பன்னிரண்டு தவணை. பதினொண்ணுதான் வந்தது. படகுக்கு மோட்டார் வாங்கின வருஷம் அது. பாக்கி இருந்ததாலதான் ரசீதும் போடல."

லவான் ஓர் அடி முன்னால் வந்தாள். "என்கிட்டப் பொய் சொன்னாரா?"

"ஆமா."

"கடன்காரப் பாவி!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், இரண்டு கையாலும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாவது வரிசைக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். அங்கே நின்று ஏரியைப் பார்த்தாள்.

"எவ்வளவு பாக்கி?"

"நாப்பத்தஞ்சு டாலர். அதெல்லாம் இப்ப வேணாம் லவான்."

அவள் கைப்பையைத் திறந்தாள். செக் புத்தகம் வெளியே வந்தது, பேனாவும் வந்தது. யாருக்கும் ஒரு காசு கடன் வைக்காத பெண் அவள், எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். தேதியை எழுதினாள். பிறகு பேனாவை மூடி, செக் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"கட்டமாட்டேன், ஆர்டெல்," என்றாள். "கட்டிட்டா நீங்க அவரை மறந்துடுவீங்க."